பலகைகளைத் திருப்பிப் போட்ட வாரம்

எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நடத் தொடங்கியபோது எனக்கு வேலை போனது. தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். என் மனைவிக்கு அப்போது நான்காவது மாதம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. பேராக் மாநிலத்தில் பத்து காஜா ஊருக்கு வெளியே பழைய துரை பங்களா ஒன்றை வாங்கியிருந்த ஈப்போ நகர வழக்கறிஞர் ஒருவர், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். பின்கட்டில் ஓர் அறை தருவதாகச் சொன்னார். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே கூரை அதுதான்.

பங்களாவின் பின்னால், சரிவில் தூண்கள் நாட்டி ஒரு பெரிய பலகைத் தளம் போட்டிருந்தார்கள். அதன் ஓரம் ஆள் உயரத்துக்கும் மேல் இருக்கும். பலகையெல்லாம் செங்கால் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் காட்டு மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். ஆனாலும் பேராக் மழை அதையும் விடாது. வாரத்துக்கு ஒரு தரம் பாசியைத் தேய்த்து எடுக்க வேண்டும், இடுக்கில் சிக்கிய இலைகளைக் கத்தியால் நோண்ட வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய் பூச வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். "மகளுக்கு நிச்சயம். தளத்துலதான் வைக்கப் போறோம். ரெண்டு வாரம் இருக்கு, பளபளன்னு வச்சிருலா."

அவர் அனுப்பிய மர எண்ணெய் பாதித் தளத்துக்குத்தான் வந்தது. இன்னொரு டின் கேட்டால் வேலை தெரியாதவன் என்று நினைப்பாரோ என்று பயந்தேன். தோட்டத்தில் வேலிக் கட்டைகளுக்கு லாரிப் பட்டறையின் கழிவெண்ணெயைத்தான் பூசுவோம். அதையே வாங்கி வந்து மீதிப் பாதிக்குப் பூசினேன்.

செங்கால் அதைக் குடிக்கவில்லை. மூன்று நாள் கழித்தும் மேலேயே கறுப்புப் பிசினாக நின்றது. கால் வைத்தால் ஒட்டியது. மழை பெய்ததும் வழுக்கியது. பட்டுப்புடவை கட்டிய பெண்கள் அதன் மேல்தான் உட்காரப் போகிறார்கள்.

மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு இன்னும் பரவியதே தவிரக் குறையவில்லை. ஏழு மாத வயிற்றோடு மனைவியும் முட்டி போட்டுத் தேய்க்க வந்தாள்.

"நீ எழுந்து உள்ள போ," என்று கத்தினேன்.

"உள்ள போனா மட்டும் என்னங்க? வேலை போச்சுன்னா நம்ம எங்க போறது?" என்றாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

பக்கத்தில், புதுக்கிராமம் என்று சொல்லும் சீனக் குடியிருப்பில் இருந்த தச்சரை அழைத்து வந்தேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்துக் கையை விரித்தார். ஈர மரத்தை இழைக்க முடியாது, ஒரு வாரம் நல்ல வெயில் வேண்டும் என்று மலாயில் சொன்னார். வானம் தினமும் மத்தியானமே இருட்டிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, போகும்போது திரும்பி நின்று, பலகையின் அடிப்பக்கம் சுத்தமாகத்தானே இருக்கும், கழற்றிக் கவிழ்த்துப் போடு என்றார். தன் கடப்பாரையையும் விட்டுச் சென்றார்.

நிச்சயத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து பலகைக்கு மேல் கழற்ற முடியவில்லை. ஆணித் தலைகள் பிய்ந்தன. உள்ளங்கை கிழிந்து, கடப்பாரையைப் பிடிக்கத் துணி சுற்றிக்கொண்டேன். ஆனால் அடிப்பக்கம் தச்சர் சொன்னபடியே சிவப்பாக இருந்தது. முதன்முறையாகக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாம் நாள், சரிவு ஓரத்துப் பலகைகளைத் தூக்கியபோது கீழே இருந்த குறுக்குச் சட்டத்தில் கடப்பாரை குத்தியது. சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது. சட்டம் செங்கால் இல்லை. யாரோ ஒரு காலத்தில் மட்டமான மரத்தைப் போட்டு மாற்றியிருக்கிறார்கள். கையால் அழுத்தினேன். உலர்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. உள்ளே முழுக்கக் கரையான். அடுத்த சட்டமும் அப்படியே.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதலாளியிடம் சொன்னால் கழிவெண்ணெய்க் கதையையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் பலகையை மூடினால் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு பலகையை மூடியும்விட்டேன்.

மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுமேல எத்தனை பேரு நிப்பாங்க?"

நான் மூன்றாவது பலகையை எடுத்தேன்.

"பிள்ளைங்களும் வரும்லங்க," என்றாள்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் ஈப்போ போனேன். கைக் கறுப்பு சோப்புக்குப் போகவில்லை. முதலாளியின் அலுவலகத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எண்ணெய் பத்தலன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"வீடு போயிரும்னு பயமா இருந்துச்சுய்யா."

அவர் எழுந்து கார் சாவியை எடுத்தார். காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். சட்டத்தில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. ஓரத்துக்குப் போய்க் கீழே சரிவை எட்டிப் பார்த்தார். நிச்சயத்தை ஈப்போவில் ஒரு மண்டபத்துக்கு மாற்றினார்கள்.

அவர் என்னைத் திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. தளத்தைப் பிரித்துவிடச் சொன்னார். சில மாதத்தில் பங்களாவையே விற்றார். வாங்கியவர் தன் ஆட்களைக் கொண்டுவந்ததால் எங்கள் அறையும் போனது.

அதற்குள் பத்து காஜா மருத்துவமனையில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஒரு வாடகை அறை பிடித்து, அந்தத் தச்சரின் லாரியில் சாமான்களை ஏற்றிப் போனோம். அங்கே ஒரு நாற்காலிப் பட்டறையில் வேலை தேடிச் சேர எனக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் மனைவி என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.