கொட்டகையில் உள்ளி மணம்

எண்ணெயில் உள்ளிப்பூண்டு பொரியும்போதெல்லாம், இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் டண்டினொங் வாடகை வீட்டின் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்துவிடுகிறது. எழுபதுகளில், ஊரைவிட்டு அந்த அந்நிய நாட்டுக்கு நாங்கள் வந்த புதிதில், அந்தத் தெருவில் எங்களைத் தவிர எவரும் உள்ளி சமைப்பதில்லை. மழை விட்ட ஒரு காலை, கொட்டகைப் பக்கமிருந்து வந்த மணத்தை அம்மா கண்மூடி உள்ளிழுத்து, "ஆரோ எங்கட ஆக்கள் குடிவந்திட்டினம்" என்று சிரித்தபடி, என் கையைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடிப் போனார். கொட்டகைக்குள், கூரை ஒழுகி நனைந்த பையிலிருந்து சாம்பல் நிறத் தூள் சிந்திக் கிடந்தது.

தானியக் கிடங்கில் வேலை செய்த அப்பா ஓடிவந்து எங்களை வெளியே இழுத்தார்.

"அது எலிமருந்து! ஈரம் பட்டா உள்ளி மணத்தோட நச்சுக்காத்து வரும், மூச்சே நிண்டிடும்!"

வேலியோரம் நின்று இருமி ஓய்ந்த பிறகு அம்மா மெல்லக் கேட்டார்:

"அப்ப, ஒருத்தரும் வரேல்லையே?"