படகுக்கு எண்ணெய் தேய்த்த நாள்

கடலே இல்லாத ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நான் ஒரு படகுக்கு வார்னிஷ் அடித்தேன் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ரோட்டோரம் ஓட்டல் கட்டிய ஒருவர், வாசலில் நிறுத்தினால் வண்டிக்காரர்கள் இறங்கிப் பார்ப்பார்கள் என்று, தூத்துக்குடியிலிருந்து பழைய தேக்குப் படகு ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஒரே கோடையில் அதன் வார்னிஷ் தோல் உரிவதுபோல உரிந்துவிட்டது. மேல்விளிம்புப் பலகைகள் சாம்பல் பூத்துக் கிடந்தன.

கதவு, ஜன்னல்களுக்குப் பாலிஷ் போடுவது என் தொழில். அதற்கு முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து அறை வெடித்தது. அதன்பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. என் மனைவி மட்டும் வேறொரு கம்பெனிக்குப் போய்வந்தாள். அந்தக் கம்பெனி ஓட்டலுக்கு நேர் பின்னால் இருந்தது. நடுவே ஒரு கம்பி வேலியும் காய்ந்த புல் மண்டிய தரிசும்தான்.

நான்கு நாள் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் மரத்தின் சொந்த நிறம் வெளியே வந்தது. ஐந்தாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்குள், லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெயில் பனியன் துணியை நனைத்துத் தேய்த்தேன். வார்னிஷ் அதற்கு மேல்தான். வறண்ட மரம் குடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட வருகிறவர்கள் கண்ணில் எண்ணெய்த் துணிகள் படக்கூடாது என்று ஓட்டல்காரர் சொல்லியிருந்ததால், அவற்றைச் சாக்கில் திணித்து வேலியோரம் வைத்தேன்.

பதினொரு மணிவாக்கில் டீ குடித்துவிட்டு வெளியே வந்தபோது எண்ணெய் காந்தும் வாடை அடித்தது. அடுப்படி என்று நினைத்தேன். ஆனால் காற்று வேலிப் பக்கமிருந்து வந்தது. திரும்பினால், சாக்கின் வாயிலிருந்து நூலாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் நெருப்பு வைக்கவில்லை. எனக்குப் பீடிப் பழக்கமும் கிடையாது.

வேலிக்கு அப்பால் களத்தில் பட்டாசு காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இரண்டாவது அறையில் என் மனைவி இருந்தாள்.

சாக்கைத் தூக்கினால் காற்றுப்பட்டுத் தீ பிடிக்கும். விட்டால் புல் பிடிக்கும். இரண்டும் தெரிந்தும் கால் நகரவில்லை. பிறகு, "வெளிய ஓடுங்க! கேட்டுப் பக்கம் ஓடுங்க!" என்று அலறினேன்.

சாக்கை வாரிக்கொண்டு ஓட்டல் தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடினேன். பாதி வழியில் அடிப்பக்கம் கருகிப் பிய்ந்து ஒரு துணி கீழே விழுந்தது. விழுந்ததும் குப்பென்று எரிந்தது. சாக்கைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு வந்து, அந்தத் துணியின்மேல் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். உள்ளங்கை வெந்திருந்தது அப்போது தெரியவில்லை.

கம்பெனிப் பெண்கள் ரோட்டில் கூடி நின்றார்கள். அவர்களில் என் மனைவியைக் காணவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடினேன். கடைசியில், கால் ஊனமான ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடித்தபடி வந்தாள்.

ஓட்டல்காரர் என் காதருகே வந்தார். "எவனோ பீடியப் போட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லிருங்க. நமக்கெதுக்கு வம்பு?"

சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் படகுக்குள் இன்னொரு குவியல் துணி கிடந்தது நினைவுக்கு வந்தது. அதுவும் பற்றிக்கொள்ளலாம். கம்பெனி போர்மேன் வேலிக்கருகே வந்து, "யாருலே தீ வச்சது?" என்றார்.

"யாரும் வைக்கலண்ணே. என் எண்ணெத் துணி. தானாப் பத்திக்கிருச்சு."

"துணி தானா எப்பிடிலே பத்தும்?"

"இங்கன வந்து தொட்டுப் பாருங்க."

அவர் சுற்றிவந்து, படகுக்குள் கிடந்த குவியலுக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்துக்கொண்டார். வெளியே ஆறியிருந்த துணி உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. காயும் எண்ணெய் சூடாகும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீயாகும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. "அம்புட்டையும் தண்ணிக்குள்ள போடுலே," என்றார், குரல் இறங்கி. அன்று கம்பெனியில் யாரையும் திரும்ப உள்ளே விடவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி என் கையைப் பார்த்தாள். பிறகு, "ஓடுறப்ப உங்களத்தான் நெனச்சேன். அங்கன வேலிப்பக்கம் நிக்கீகளே, வெடிச்சா உங்க மேலதான விழும்னு," என்றாள்.

கை ஆறியதும் போய் ஆறு பூச்சு வார்னிஷ் அடித்து முடித்தேன். வெயிலில் நிற்கும் தேக்குக்கு வருடா வருடம் பூச வேண்டும், அதனால் இப்போதும் போகிறேன். ஒவ்வொரு துணியும் கையை விட்டதும் தண்ணீர் வாளிக்குள் போய்விடும். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் வாளிக்குள் கையை விட்டுப் பார்க்கிறேன். போர்மேனும் காலையிலேயே வேலியோரம் வந்துவிடுவார்.

"ஏலே, இன்னைக்கு எண்ணெயா, வார்னிஷா?"

எண்ணெய் என்று சொன்னால், சாயங்காலம் நான் கிளம்பும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.