காசில்லாமல் கிடைத்த படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் கலியாணமாகி டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நடந்தது இது. வந்து சில மாதங்களிலேயே வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது. மொழியும் தெரியாது, ஊரும் பிடிபடவில்லை. அந்த நிலையில் எனக்கென்று ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் நான் தரையில் நடக்கவில்லை.

கணவர் அப்போதுதான் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். லீவு கேட்கத் தயங்கினார். அதனால் முதல் ஸ்கானுக்கு என்னுடன் வந்தது மாமி, அதாவது அவருடைய அம்மா. ரண்டர்ஸ் நகரத்தில் இருக்கிறார். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். டேனிஷ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. சும்மா சொல்லக்கூடாது, மாமி என்னைத் தன் பிள்ளையைப் போலத்தான் பார்த்தார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அசையமாட்டார். பிள்ளை பிறக்கும்வரை அதன் பெயரில் எதுவும் வாங்கக்கூடாது, யாருக்கும் காட்டக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும். ஒருநாள் கடையில் நான் ஆசையாகக் கையில் எடுத்த ஒரு சோடிச் சின்னக் காலுறையைக்கூட என்னிடமிருந்து வாங்கித் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தவர் அவர். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் என்பதால் நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்துச் சுவரில் ஓர் அறிவித்தல் இருந்தது. ஒரு ஸ்கான் படம், பக்கத்தில் ஒரு போன், கீழே விலை. டேனிஷ் தெரியாவிட்டால் விலையும் விளங்காதா என்ன? நினைவுக்குப் படம் வேண்டுமானால் போனில் இருக்கும் ஆப் மூலம் காசு கட்டித் தாதியிடம் காட்ட வேண்டும். பெரிய தொகை இல்லை, இரண்டு பேர் கேக்கும் கோப்பியும் சாப்பிடுகிற காசுதான். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் வேறு எதற்குமே என்னிடம் காசு கேட்டதில்லை. மஞ்சள் சுகாதார அட்டையைக் காட்டினால் இரத்தம் எடுப்பார்கள், வைத்தியர் பார்ப்பார், எல்லாம் இலவசம். பிள்ளைக்கு ஏதும் குறை இருக்கிறதா என்று தேடுவதற்குக் காசில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதற்குத்தான் காசு.

எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் தாயுடன் வெளியே வந்தாள். நீளமாகத் தொங்கிய படங்களைப் பிடித்து இரண்டு பேரும் மாறி மாறிப் போனில் படமெடுத்து யார் யாருக்கோ அனுப்பினார்கள். எனக்கும் ஆசை பொங்கியது. என்னிடம் அந்த ஆப் இல்லை. பாங்கில் கணக்குத் திறக்கும் வேலையே இழுபட்டுக்கொண்டிருந்தது. கைப்பையில் கணவர் தந்த தாள்காசு இருந்தது. உள்ளே கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே தாதி வயிற்றில் களியைப் பூசிக் கருவியை வைத்தாள். முதலில் திரை முழுக்கப் புள்ளி. பிறகு, நான் எதிர்பாராத நேரத்தில், முழுப்பிள்ளை. தலை, மூக்கு, மடித்த கால்கள், படபடவென்று அடிக்கும் இதயம். தாதி அளவுகளை எடுத்துக்கொண்டே போனாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறதாம் என்று மாமி மொழிபெயர்த்தார். அப்போதுதான் பிள்ளை ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுக் கையைத் தலைக்கு மேலே தூக்கியது. விரல்கள்கூடத் தெரிந்தன. தாதி சிரித்துவிட்டுத் திரையை அப்படியே நிறுத்தினாள்.

“எங்களுக்குக் கை காட்டுதாம்” என்று மாமி சொன்னார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன்.

பிறகு தாதி என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். நான் மாமியைப் பார்த்தேன். மாமி எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தாதியைப் பார்த்து, “நை தாக்” என்றார். வேண்டாம், நன்றி. மொழிப்பள்ளியில் முதல் கிழமையே சொல்லித்தந்த சொற்கள் அவை. என்ன கேட்டாள், என்ன பதில் போனது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

படுத்தபடியே கைப்பையை இழுத்துக் காசை எடுத்து நீட்டினேன். தாதி பாவமாகச் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். காசு வாங்க அவளுக்கு அனுமதியில்லையாம், ஆப் மட்டும்தானாம்.

“மாமி, உங்கட போனில கட்டுங்கோ. நான் இப்பவே காசைத் தாறன்.”

“வேண்டாம் பிள்ளை. பிறக்க முன்னம் படம் என்னத்துக்கு? பிறந்தாப் பிறகு ஆயிரம் படம் எடுப்பம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார். மாமியின் போன் அவர் மடியில்தான் இருந்தது. இன்னொரு தரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. புது மருமகள், அந்நிய நாடு, வெளியே அடுத்த ஆள் காத்திருக்கிறாள். தாதி ஒரு கணம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு களியைத் துடைக்கக் கடதாசியைத் தந்தாள். திரை இருண்டுவிட்டது.

அன்று பின்னேரம் கணவர் வந்ததும் முழுக்கதையும் சொன்னேன். பிள்ளை எப்படிக் கை தூக்கியது என்று என் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அடுத்த முறை நான் வாறன். எத்தினை படம் எடுக்கேலுமோ அத்தினையும் எடுப்பம். நீர் யோசிக்காதையும்” என்றார். நானும் யோசிக்கவில்லை.

நாலாம் மாதம் முடிகிற நேரம் ஒருநாள் காலையில் இலேசாக இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியதும் உடனே வரச் சொன்னார்கள். இந்தமுறை அவர் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். பயத்தை மறைப்பதற்கோ என்னவோ, காத்திருக்கும் இடத்தில் அந்த அறிவித்தலைக் கண்டதும் போனை எடுத்து ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டார். “பிள்ளையைப் பாத்தவுடன கட்டிப்போடுவம்” என்றார்.

இது வேறு தாதி, கொஞ்சம் வயதானவள். கருவியை வைத்ததும் பிள்ளை தெரிந்தது. சுருண்டு படுத்திருந்தது. நான் துள்ளுமென்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தாதி திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். வைத்தியரைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் என் கணவரிடம் மெதுவாகக் கதைத்தார்கள். சின்ன வயதிலிருந்து இங்கே வளர்ந்தவர் அவர், டேனிஷில் கேட்டதைத் தமிழில் சொல்ல அவருக்கு வாய் திறக்கவில்லை. “பிள்ளையின்ர இதயம்...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. முடிக்க நானும் விடவில்லை.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. நடுவில் அந்த இயந்திரம் கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. தாதி ஒரு படத்தைக் கிழித்தெடுத்து, வெள்ளை உறைக்குள் வைத்து, என் பக்கத்தில் வைத்தாள். இப்போது பார்க்கத் தேவையில்லை, ஒருநாள் பார்க்க வேண்டும்போல இருந்தால் பார்க்கலாம் என்றாளாம். கணவர் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் போனை எடுத்தார். ஆப் திறந்தபடியே இருந்தது. எவ்வளவு என்று கேட்டார்.

தாதி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்குக் காசில்லையாம்” என்று அவர் என்னிடம் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாதி மேல் இல்லை, அவள் நல்ல மனுசி. முந்தினவளும் நல்லவள்தான். நல்லவர்களைக் கொண்டே இப்படியும் செய்விக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். என் பிள்ளை உயிரோடு துள்ளியபோது அதன் படத்துக்கு விலை இருந்தது, நான் நீட்டிய காசு செல்லவில்லை. உயிர் போனபிறகு கேளாமலே தருகிறார்கள். வரிக்காசில் ஓடுகிற ஆஸ்பத்திரி, படம் வைத்தியம் இல்லைத்தானே என்று கணவர் பிறகொரு நாள் நியாயம் சொன்னார். சரி, இருக்கட்டும். பிள்ளை செத்தபிறகு மட்டும் அது வைத்தியமாகிவிட்டதா?

அந்தக் கை தூக்கிய படம் எங்காவது பதிவில் இருக்குமோ என்று அவரைக் கொண்டு கேட்பித்தேன். அளவெடுத்த படங்கள் இருக்கின்றனவாம், வேண்டுமானால் விண்ணப்பிக்கலாமாம். கழுத்துக்கு ஒரு கோடு, தலைக்கு ஒரு கோடு. கை தூக்கியது எந்த அளவிலும் சேராது, அதனால் அதைச் சேமிக்கவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டில் கிடந்தபோது மாமி வந்து நின்று சமைத்தார். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சுவது போலவே சரக்குக்கறி காய்ச்சினார். அதன் மணம் என்னைக் கொன்றது. மடியில் பிள்ளை இல்லாமல் அந்தக் கறியை எப்படித் தின்பது? சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது மாமி சொன்னார், “நல்லகாலம், அண்டைக்குப் படம் எடுக்கேல்லை. எடுத்திருந்தா அதைப் பாத்துப் பாத்தே உருகிப் போயிருப்பாய்.”

நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். என்னுடைய வாழ்க்கையிலேயே மாமியை எதிர்த்துக் கதைத்தது அன்றைக்குத்தான்.

“உருகிறதுக்காவது ஒண்டு இருந்திருக்கும் மாமி.”

அவர் திடுக்கிட்டுப்போனார். “நான் வேண்டாமெண்டதாலதான் இப்பிடி ஆனது எண்டு நினைக்கிறியோ?”

“இல்லை. நீங்கள் வேண்டாமெண்டதால பிள்ளை போகேல்லை. படம்தான் போச்சுது.”

மாமி அடுப்படிக்குப் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அழுதாரா, சட்டி கழுவினாரா என்று நான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் எல்லாமே கதைக்கிறோம், இதைத் தவிர.

இப்போது எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுடைய ஸ்கான் படங்கள் குளிர்சாதனப்பெட்டிக் கதவு நிறைய ஒட்டியிருக்கின்றன. இந்தமுறை மாமி தடுக்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. எங்கள் ஆட்களில் பிள்ளை உண்டான பெண்களைக் கண்டால், முதல் ஸ்கானிலேயே படத்தை வாங்கிவிடுங்கள் என்று நான் சொல்லத் தொடங்கினேன். இரண்டு மூன்று பேருக்குச் சொன்ன பிறகு, யாரும் எனக்குச் செய்தி சொல்வதில்லை. வயிறு தெரியத் தொடங்கினபிறகு கடையில் கண்டால்தான் உண்டு. முதல் பிள்ளை தங்காதவளின் வாயில் தங்கள் பிள்ளையின் பேச்சு வரக்கூடாது என்று நினைக்கிறார்கள்போல. நினைக்கட்டும்.

அந்த வெள்ளை உறையை ஒருநாள் திறந்தேன். குழந்தை சுருண்டு படுத்திருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் நித்திரை என்றுதான் நினைப்பார்கள். கணவர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுதானே கை தூக்கினது?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தன் முதல் பிள்ளை கை தூக்கியதைக் கண்டதில்லை, நான் தூக்கிக் காட்டிய என் கையைத்தான் கண்டார். அந்தப் பிள்ளை ஒருநாள் உயிரோடு துள்ளியது என்பதற்கு இன்று எங்கள் வீட்டில் என் ஞாபகத்தைத் தவிர வேறு படம் இல்லை, அதுவும் வரவர மங்கிக்கொண்டு வருகிறது.