விடியற்படகுக்கு முப்பத்திரண்டு பேர்

பெயர் கேட்டு வந்த எந்தக் கடுதாசியும் எங்கள் தீவுக்கு நல்ல எண்ணத்தோடு வரவில்லை என்று அந்த நாட்களில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். குடும்பப் பதிவு, பிறகு படத்தோடு இன்னொரு பதிவு, இறங்குதுறையில் கடற்படையிடம் போகவும் வரவும் ஒவ்வொரு கையெழுத்து. பெயர் கொடுத்தவரைத்தான் தேடி வருவார்கள், கொடுக்காதவரை எங்கே என்று தேடுவது? எழுவைதீவில் இப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை. ஆனால் அதை வீடு வீடாகச் சொல்லி மற்றவர்களின் தலையிலும் ஏற்றிவிட்டவள் நான்தான்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்ட வருடங்கள் அவை. எனக்கு இருபத்திரண்டு வயது, வாசிகசாலையைத் திறந்து பூட்டுவது என் பொறுப்பு. ஒருநாள் ஊர்க் கிராம அலுவலரான விதானையார் பிரதேச சபையிலிருந்து வந்த படிவமொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் எதற்குப் பணம் ஒதுக்கலாம் என்று ஊர் இளைஞர்களிடம் கேட்டிருந்தார்கள். தேவை என்ன என்று எழுத ஒரேயொரு வரி. பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், வீட்டில் இருப்பவர்கள், கையொப்பம் என்பவற்றுக்கு மிச்சப் பக்கம் முழுவதும். எனக்குச் சிரிப்பு வந்தது. இதில் இரை எது, தூண்டில் எது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே.

இந்தப் படிவம் எங்கே போகும் என்று விதானையாரிடம் கேட்டேன். சபைக்கு என்றார். அதன்பிறகு? அது தனக்குத் தெரியாது என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பதை நம்ப எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

சங்கடம் என்னவென்றால், கேட்பதற்கு எங்களிடம் ஒன்று இருந்தது. தங்கை சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். உயர்தரத்தில் கணிதம் படிப்பதென்றால் ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டும். முதல் படகு எட்டு மணிக்கு. அது அக்கரையில் தட்டும்போது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருக்கும். டீசலுக்கு வழி செய்தால் விடிய ஆறு மணிக்கே ஓடத் தயார் என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். தங்கிப் படிக்க அக்கரையில் எங்களுக்கு வீடில்லை. படகு இல்லையென்றால் படிப்பும் இல்லை என்று, வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டே அப்பா சொல்லிவிட்டார். அவளைப்போல ஊரில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் இருந்தார்கள்.

விளையாட்டுக் கழகத் தலைவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், சந்தேகத்தில் எனக்கு அண்ணன். அவன்தான் வழி சொன்னான்.

"தேவையை எழுதுவம். பேரை மட்டும் வெளியில போன ஆக்களின்ர பேராப் போடுவம். பிரான்சுக்குப் போய் ஆரும் பிடிக்கேலாது."

அபாரமான யோசனை என்று எனக்குப் பட்டது. பாரிஸ், சூரிச், இலண்டன், இந்தியாவில் அகதி முகாம் என்று சிதறிக் கிடந்த முப்பத்திரண்டு பேரை அன்று பின்னேரமே ஊருக்குக் கூட்டி வந்தேன். இடக்கையாலும் வலக்கையாலும், நீலப் பேனையாலும் கறுப்புப் பேனையாலும் அவர்களுக்காகக் கையெழுத்திட்டேன். தன் பெயர் எங்கே என்று தங்கை கேட்டாள். விபரம் தெரியாமல் கதைக்காதே என்று அவளைத் துரத்திவிட்டேன். விதானையார் படிவத்தை நெடுநேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். ஏன் கேட்கவில்லை என்று ஒரு கிழமை எனக்கு நித்திரையில்லை.

இரண்டு மாதத்தில் சபையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் கோரிக்கை கவனத்துக்கு எடுக்கப்பட்டிருக்கிறது, கையொப்பமிட்டவர்களில் ஐந்து பேர் கூட்டத்துக்கு வரவும். எதற்கு ஐந்து பேர் என்று தலைவன் கேட்டான். கூட்டத்தன்று அவனுக்குத் திடீரென்று கடலில் வேலை வந்துவிட்டது. நானும் தங்கையும் மட்டும் போனோம்.

மண்டபத்தில் சுருவில் என்ற ஊர்ப் பெடியள் விளையாட்டுத் திடல் கேட்டு வந்திருந்தார்கள். முதுகில் பெயர் அச்சடித்த உடுப்போடு ஒரு பயமும் இல்லாமல் இருந்த அவர்களைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. சபைச் செயலாளர் எங்கள் படிவத்தை எடுத்துப் பெயர்களை வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒருவரும் எழும்பவில்லை. நாலாவது பெயரில் தங்கை என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் எழும்பினேன்.

"அதை எழுதினது நான்தான். பயத்தில சொந்தப் பேர் போடேல்லை."

பேச்சு விழும் என்று காத்திருந்தேன். அவர் ஓரத்தில் ஏதோ குறித்தார். என்ன குறிக்கிறார் என்று தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"பயம் எனக்கும் விளங்குது பிள்ளை. ஆனா இல்லாத ஆக்களுக்குப் படகு விடேலாது. வெள்ளிக்கிழமைக்குள்ள உண்மையான பேரோட தாரும், பத்துப் பேர் இருந்தாக் காணும்."

எனக்கு நாலு நாள் இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கினேன். மூன்றாவது வீட்டு அக்காவின் மகனும் அந்தப் படகில் போகவேண்டிய பிள்ளைதான். அவர் படலையைத் திறக்கவே இல்லை.

"ஒண்டிலயும் பேர் குடுக்க வேண்டாமெண்டு சொன்னது நீர்தானே? இப்ப அங்க போய்ட்டு வந்து பேர் கேக்கிறீர். அவை உமக்கு என்ன தந்தவை?"

தலைவனும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டான். என்னால் அவர்களைக் குறை சொல்ல ஏலாது. அவர்கள் பேசியது முழுக்க என்னுடைய பேச்சு. வியாழன் இரவு படிவத்தில் இருந்தது தங்கையின் பெயரும் என் பெயரும் மட்டும். பத்துப் பேரைத் தேடிப் பிடிப்பதைவிட இரண்டு பேரைத் தேடிப் பிடிப்பது அவர்களுக்குச் சுலபம் என்று என் மூளை கணக்குப் போட்டது. படிவம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை போனது. அந்தப் பணம் சுருவிலுக்குத் திடலாகப் போனது.

அந்த வருடம் முழுவதும் தங்கை அம்மாவோடு கருவாடு காயப்போட்டாள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் திருப்பிச் சண்டை பிடித்து மனதை ஆற்றியிருப்பேன். அவளுடைய ஒரு வருடத்தைத் தின்றது சபைக் கந்தோரும் இல்லை, கடலும் இல்லை, நான்தான் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கும் அது நெஞ்சுக்குள் நிற்கிறது.

அதற்கடுத்த தை மாதம் விடியற்படகு ஓடத் தொடங்கியது, அவளும் அதில் ஏறிப் போனாள். அந்தப் படகைக் கேட்டு வாங்கியது நான் இல்லை. இரண்டாம் முறை படிவம் வந்தபோது விதானையாரின் கையிலிருந்து அதை வாங்கியவள் அவள். முதல் வரியில் தன் பெயர், சரியான இலக்கம். பிறகு வீடு வீடாகப் போனாள். உனக்கு என்ன தந்தார்கள் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. தலைவன்கூடக் கையெழுத்துப் போட்டான். எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தாள். நான் பழக்கதோஷத்தில் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

"நீங்கள் போடாட்டிலும் பரவாயில்லை அக்கா. இந்தமுறை உங்களை நம்பி நான் எழுதேல்லை."

நான் போட்டேன். பத்தொன்பதாவது பெயர் என்னுடையது. அது இல்லாமலே படகு ஓடியிருக்கும்.