உத்திராபதியும் அட்டை போட்ட புத்தகமும்

கடலூர் மஞ்சக்குப்பத்து நில அளவை அலுவலகத்தில் உத்திராபதி வரைவாளர். பிறர் நிலத்தின் எல்லைகளைத் தாளில் இழுப்பது தொழில். பதிகங்களுக்கும் அந்தாதிகளுக்கும் உரை தேடிப் படிப்பது உயிர். சிதம்பரத்து வீட்டில் அந்த உயிருக்கு ஆதரவு குறைவு. ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்ல அவர் வாயெடுத்தால், மனைவி தைலம்மாள், "குக்கர் விசில எண்ணிட்டு இருக்கேன், அப்பறம் சொல்லுங்க" என்பார். அந்த அப்புறம் பல ஆண்டுகளாக வந்தபாடில்லை.

ஆகவே அவர் சொல்வதைச் செவிமடுக்கும் இடம் உலகில் ஒன்றே இருந்தது: காலையில் கடலூருக்குப் போகும் பாசஞ்சர் வண்டி. அதில் மூவர் கூடுவார்கள். சிதம்பரத்தில் உத்திராபதி ஏறுவார். கிள்ளையில் அன்பரசு ஏறுவான். மின்வாரிய ஊழியன், துப்பறியும் நாவல்களின் அடிமை. பரங்கிப்பேட்டையில் ஜான்சி ஏறுவாள். கடலூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்பவள், நாற்பதை நெருங்கியவள். கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி, படித்த மட்டில், ஆளுக்கொரு கருத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட முறை. சொன்ன கருத்தைத் திரும்பப் பெறக்கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

ஜான்சி படிப்பவை படக்கதைகள். குதிரைவீரர், கொள்ளைக்காரர், விண்வெளிப் பயணிகள் என எது கிடைத்தாலும் படிப்பாள். அவள் வாய் திறக்கும் முறை வந்ததும் உத்திராபதி சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். "இன்னைக்கு என்னா பொம்ம?" என்று ஒரு சொல் மட்டும் எறிவார். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே அவள் தன் படக்கதைகளுக்கெல்லாம் பள்ளிப்பிள்ளை போலப் பழுப்புத்தாள் அட்டை போடத் தொடங்கினாள். பெயர் எழுதுவதில்லை, மடிப்பைப் பசை தடவி உட்பக்கத்தோடு ஒட்டிவிடுவாள்.

ஆவணி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை ஜான்சியின் பொறுமை எல்லை கடந்தது.

"பொம்மைக்கும் அட்டையா? மைல்கல்லுக்குப் பட்டு சாத்துன மாதிரி" என்றார் உத்திராபதி.

"சார், இவ்ளோ நாளா நீங்க சொல்ற பாட்டுக்கெல்லாம் தல ஆட்டுனவ நானு. அன்பரசு தூங்கிடுவாரு, நான்தான் கேட்டேன். நீங்க என்னுதுல ஒன்னாச்சும் தொறந்து பாத்துருக்கீங்களா?"

"அதுல படிக்க என்னா இருக்கு?"

அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "ஜப்பான்காரர் வரஞ்சது, இங்கிலீசுல இருக்கு. திங்கக்கெழம கருத்து சொல்லுங்க. நல்லால்லன்னுகூட சொல்லுங்க, படிச்சிட்டு சொல்லுங்க. படிக்காம பொம்மன்னு சொன்னீங்கன்னா நான் லேடீஸ் பெட்டிக்குப் போயிடறேன். அங்க நிம்மதியா படிச்சிட்டுப் போவேன்."

"மாமா, மாட்டிக்கினியா? அவுங்க போய்ட்டா உன் பாட்டக் கேக்க நான் மட்டுந்தான். நான் ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள கொறட்ட" என்றான் அன்பரசு.

உத்திராபதி சிரிக்கவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதே காரணம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து அவர் அந்தப் புத்தகத்தைப் பிரித்தார். இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு. எந்தப் புத்தகத்தையும் பிரிப்பது போல இடப்புறம் பிரித்தார். முதற்படத்தில் ஒரு கிழவன், உடைந்த படகு ஒன்றின் அருகே தனியே உட்கார்ந்திருந்தான். பக்க எண் இல்லை, பேச்சும் குறைவு. இருந்த பேச்சிலும் விடை முன்னே வந்தது, வினா பின்னே வந்தது. உத்திராபதி இதற்குக் கலங்குபவர் அல்லர். பழம்பாட்டில் சொற்கள் இடம் மாறிக் கிடக்கும், கொண்டு கூட்டுவது படிப்பவன் கடன் என்று பழகியவர். கூட்டிப் படித்தார். படகின் பிளவு மூடியது. கிழவனின் நரை கறுத்தது. பிரிந்த தம்பி திரும்பி வந்தான். கடைசியில் சிறுபிள்ளைகள் இருவர் ஒரே படகில் சிரித்தபடி ஆற்றில் போனார்கள். உத்திராபதி புத்தகத்தை மூடினார். கோடு இழுப்பதையே தொழிலாகக் கொண்டவர். ஒரு கோட்டில் ஆற்றின் குளிரைக் காட்டிய கையை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

திங்களன்று பரங்கிப்பேட்டையில் ஜான்சி ஏறி உட்கார்வதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"ஜான்சி, தப்பு என்னுதும்மா. இது பொம்ம இல்ல. ஒடஞ்சதுல ஆரம்பிச்சு சேந்ததுல முடிக்கிறான் பாரு, அங்கதான் இருக்கு அவன் சாமர்த்தியம். நம்ம அந்தாதியில முடிவே தொடக்கமா வந்து நிக்கும். இவன் கெழவன்கிட்ட தொடங்கி கொழந்தைகிட்ட கொண்டுபோய் விடுறான். கேள்விக்கு முன்னாடியே பதில வைக்கிறான். நம்ம ஆளுங்களுக்கே இந்தத் தைரியம் ஜாஸ்தி கெடையாது."

புதுச்சத்திரம் வரும்வரை பேசினார். ஜான்சியின் முகத்தில் முதலில் மகிழ்ச்சி இருந்தது. பிறகு அது நின்றது. அவள் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள். அட்டையின் மடிப்பை நகத்தால் கிழித்தாள். அதன் அடியில் அச்சிட்ட எச்சரிக்கை ஒன்று இருந்தது: இது புத்தகத்தின் கடைசிப் பக்கம், வலப்புறத்திலிருந்து தொடங்கவும்.

"சார்..." என்றாள். "ஜப்பான்ல வலப்பக்கத்துலேருந்து படிப்பாங்க. நீங்க கடைசியிலேருந்து படிச்சிருக்கீங்க. நான்தான் அத மறைச்சு ஒட்டிட்டேன்."

அன்பரசு தொடையில் அறைந்து சிரித்தான். "மாமா! தேர நெலையிலேருந்து பின்னாடியே இழுத்துக்கினு போயிருக்க! அதுக்கு அந்தாதி வேற!" எதிர் இருக்கைக்காரர்களும் சிரித்தார்கள்.

உத்திராபதியின் காது சிவந்தது. சொன்ன கருத்தைத் திரும்பப் பெறக்கூடாது என்ற விதியை வகுத்தவர் அவரே. இறங்கும் இடம் வந்ததும், ஜான்சியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் அவர் வருவாரா என்று அன்பரசுக்கே ஐயம் இருந்தது. வந்திருந்தார். ஜான்சி பரங்கிப்பேட்டையில் பொதுப்பெட்டியில்தான் ஏறினாள்; ஆனால் தன் அட்டையால் அவருக்கு நேர்ந்த தலைக்குனிவை நினைத்து உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படிச்சேம்மா, வலப்பக்கத்துலேருந்து" என்றார் உத்திராபதி. "ரெண்டு பிள்ளைங்க ஒரே படகுல போவுதுங்க. கடைசியில ஒருத்தன் தனியா குந்தியிருக்கான். அதான் அவன் எழுதுனது. நேத்து நான் படிச்சது என் ஆச. அவன் எழுதுனதுதான் பெருசு, மனசுக்குத்தான் ஆவல."

"அப்ப நேத்து சொன்னத வாபஸ் வாங்குறியா, மாமா?"

"விதி விதிதான்டா. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்."

ஜான்சி உட்கார்ந்தாள். "எனக்கும் அந்தக் கடைசிப் பக்கம் ஆவாது சார். நேத்து ராத்திரி நீங்க சொன்ன மாதிரி பின்னாலேருந்து யோசிச்சுப் பாத்தேன்."

"இதுக்கு அடுத்த பாகம் உண்டா?"

"இருக்கு. இன்னும் அட்ட போடல."

"போடாத" என்றார் உத்திராபதி.

வண்டி புதுச்சத்திரத்தில் நின்றது. அன்பரசு பாதி படித்த தன் நாவலை எடுத்துக் கொலைகாரன் யாரென்று ஊகித்துச் சொல்லத் தொடங்கினான். வழக்கம்போல் அது தவறாகத்தான் இருக்கும் என்பதை ஜான்சி அறிவாள், உத்திராபதியும் அறிவார்.