சென்னியப்பன் கேட்ட வெயில்

1979-இல் வடகரப்பதியில் சென்னியப்பனின் தோட்டத்துக்குக் கரண்டுக் கம்பி வந்திருக்கவில்லை. ரோட்டோர வீடுகளோடு கம்பங்கள் நின்றுவிட்டன. அதற்கப்பால் கடலைக்காடு, தென்னந்தோப்பு, நடுவில் அவருடைய ஓட்டு வீடு. கிணற்றில் ஆயில் என்ஜின் ஓடியது. வீட்டுக்குள் சீமெண்ணெய் விளக்கு எரிந்தது. அது அவர் மனைவி கமலாத்தாளுக்கு. சென்னியப்பனுக்கு விளக்கால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஏழு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தபோது உயிர் தங்கியது, பார்வை தங்கவில்லை.

ஆனால் மனிதர் சும்மா உட்கார்ந்தவரில்லை. எருமை கறப்பது அவர்தான். கடலைக்காட்டுக்குத் தண்ணீர் கட்டுவதும் அவர்தான். வாய்க்காலில் வெறுங்காலோடு நின்று, தண்ணீர் எந்தப் பாத்தியில் நிறைந்தது, எங்கே உடைத்துக்கொண்டு போகிறது என்று பாதத்தாலேயே தெரிந்துகொள்வார். கறவையும் வேலையும் முடிந்தால் அவருக்கு ஒரே துணை ரேடியோ. திருச்சியும் இலங்கையும் அவர் காதுக்குப் பக்கத்து ஊர்கள். செல் தீரத் தொடங்கினால் பாட்டுக்காரனுக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல ஆகிவிடும். அப்போது கமலாத்தாள் செல்களைக் கழற்றி முறத்தில் போட்டு வெயிலில் வைப்பாள். சூடேறினால் இன்னும் கொஞ்ச நேரம் உயிர் வரும்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் கமலாத்தாளின் தம்பி அர்த்தநாரி வேலந்தாவளத்தில் பஸ் இறங்கி, சாக்கில் சுற்றிய ஒரு பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தான். கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாள் வேலை அவனுக்கு. வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாக்கைப் பிரித்தான்.

"மாமா, கையக் குடுங்க. தொட்டுப் பாருங்க."

சென்னியப்பன் தடவினார். ரப்பர் போல மெத்தென்ற பூச்சு. அதற்கடியில் உள்ளங்கை அகலத்தில் வட்ட வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது.

"என்ன மாப்ள இது? அப்பளத்தக் காயப் போட்டாப்புல இருக்குது?"

"மணல்ல இருந்து செஞ்ச அப்பளமுங்க மாமா. வெயில்ல வெச்சாக் கரண்டு வரும்."

"என்ஜினு எங்க?"

"என்ஜினே இல்லீங்க."

"சுத்தறதுக்குச் சக்கரமாச்சும் இருக்கோணுமல்லோ?"

"ஒண்ணுமே சுத்தாதுங்க. சத்தங்கூட வராது."

சென்னியப்பன் குனிந்து பலகையின் மேல் காதை வைத்தார். வெயிலில் கிடந்த கல்லின் மேல் காது வைத்தது போலத்தான் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

வட்டங்களில் ஒன்று விண்டு போயிருந்தது. அதனால் முழு அளவு கரண்டு வராது என்று கல்லூரியில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். உங்கள் பக்கம் காற்றும் புழுதியும் அதிகம், வெளியில் வைத்து எத்தனை காலம் தாங்குகிறது என்று பார், திருப்பித் தர வேண்டாம் என்று பேராசிரியரே அர்த்தநாரியிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

அர்த்தநாரி ரேடியோவின் செல்களைக் கழற்றினான். பலகையின் இரண்டு ஒயர்களையும் செல் இருந்த இடத்தில் முடுக்கி, பலகையை வாசலில் வெயில் பார்க்கச் சாய்த்து வைத்தான். நாகஸ்வரம் வீட்டு வாசலை நிறைத்தது.

சென்னியப்பனுக்கு நம்பிக்கை வரவில்லை. ரேடியோவின் முதுகில் விரலை விட்டுத் துழாவினார். செல் இருக்க வேண்டிய குழிகள் வெறுமையாக இருந்தன. மைத்துனன் விளையாடுகிறானோ என்று இன்னொரு முறையும் துழாவினார். அப்போது அர்த்தநாரி அவர் கையைப் பிடித்து இழுத்து, பலகையில் ஒரே ஒரு வட்டத்தின் மேல் உள்ளங்கையைப் பதித்தான்.

நாகஸ்வரம் நின்றது.

கையை எடுத்தார். வாசித்தது. மறுபடி வைத்தார். நின்றது.

"ஒண்ணத்தான மறைச்சேன்? மிச்சமெல்லாம் சும்மாதான இருக்குது?"

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துட்டு நிக்குதுங்க மாமா. ஒண்ணு விட்டுட்டாலும் தாண்டி வராது."

சென்னியப்பன் கையை எடுத்துக்கொண்டார். கையின் மயிர் நட்டுக்கொண்டு நின்றதைக் கமலாத்தாள் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டார்: "சூரியன் எத்தன தூரத்துல இருக்குது? அங்கிருந்து கெளம்பி வர்றத, என்ற கை மறிச்சுப் போடுதா?"

மறுநாள் அர்த்தநாரி போய்விட்டான். பலகையை வாகாக நிறுத்தி வைப்பது சென்னியப்பனின் பொறுப்பானது. கரண்டு வேலை அவருக்குக் கொஞ்சமும் தெரியாது. பிளஸ் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். முடிச்சு மேலே, வழுவழுப்பு கீழே என்று மனசில் ஏற்றினார். ஒருமுறை மாற்றிக் கொடுத்து ரேடியோ ஊமையாகி, அது செத்தே போய்விட்டதென்று பதறிவிட்டார். நல்லவேளை, திருப்பிக் கொடுத்ததும் பேசியது. கிணற்றடிக் கல்தூணில் பலகையைக் கட்டினார். எந்தப் பக்கம் சாய்ப்பது? உச்சி நேரத்தில் அங்கே நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, நெற்றியும் கன்னமும் ஒன்றுபோலச் சுடும் நிலையைப் பிடித்தார். அதே சாய்வில் பலகையை வைத்து அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். மேற்கிலிருந்து கணவாய்க் காற்று வந்தால் தூக்கிப் போடாதிருக்கத் தேங்காய்க் கயிற்றால் நாலு சுற்று இறுக்கினார்.

சில நாட்கள் எல்லாம் நன்றாகப் போயிற்று. அப்புறம் ஒரு கோளாறு தொடங்கியது. மத்தியானம் தாண்டியதும் ரேடியோ திக்கும். பாட்டு அறுபடும், வரும், உடனே மறுபடி அறுபடும். சற்று நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும். ஒயரைச் சுரண்டிப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்துக் கட்டினார். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே திக்கல்.

"கமலாத்தா, இங்க வந்து பாரு. பலகை மேல எறும்பு கிறும்பு ஏறியிருக்குதா?"

கமலாத்தாள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள். "எறும்பும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. தென்னோல நெழலு விழுகுது. காத்துக்கு ஆடுது, அவ்வளவுதான்."

"எந்தத் தென்ன?"

"மேக்கால நிக்குதே, நீங்க வெச்ச மரம்."

சென்னியப்பன் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மரம் அவர் கையால் குழி தோண்டி வைத்தது. அதன் தண்டின் ஒவ்வொரு வடுவும் அவர் கைக்குத் தெரியும். காய் விழுகிற சத்தத்தை வைத்தே எந்தக் குலை என்று சொல்வார். அதன் நிழல் மட்டும் அவருக்குப் பொதுவாக ஒரு குளிர்ச்சியாகத்தான் இருந்து வந்தது. நிழலுக்கு விளிம்பு உண்டு, விரல் உண்டு என்பதெல்லாம் ஏழு வயதோடு மறந்துபோன சங்கதி. இப்போது அது காதுக்குள் வந்து கொண்டிருந்தது. ஓலை அசைந்தால் பாட்டு அறுந்தது. ஓலை விலகினால் பாட்டு ஒட்டியது.

"பலகைய நவுத்தி வெக்கட்டுங்களா?" என்றாள் கமலாத்தாள்.

"இரு, இரு. ஓலையோட ஒவ்வொரு ஈக்காப் போறது கேக்குது."

அவர் முகத்தைப் பார்த்த கமலாத்தாள் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு என்ன பாட்டென்று இருவருக்குமே தெரியவில்லை. நிழல் பலகையைக் கடந்து போகும்வரை அங்கேயே இருந்தார்கள்.

நிழலுக்கு அடுத்தபடி மேகம் வந்தது. வைகாசிக் கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் என்ஜினுக்கு ஒரு சாமான் கேட்டு வந்தவர், நின்று பேசிக்கொண்டிருந்தார். ரேடியோவில் செய்தி படித்தவரின் குரல் கம்மியது.

"மேகம் ஒண்ணு வந்து நிக்குதுங்கோ," என்றார் சென்னியப்பன்.

குப்பண்ணன் அண்ணாந்து பார்த்தார். வானம் முழுக்கத் துடைத்து வைத்ததுபோல இருந்தது. நேர் உச்சியில் மட்டும் பஞ்சுத் துண்டு ஒன்று சூரியனை மறைத்திருந்தது. கேட்க வந்த சாமானை மறந்து அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். ரெண்டு நாளில் ஊரே பேசியது, சென்னியப்பனுக்கு மேகம் தெரிகிறதாம் என்று. மழை எப்போது வரும், காணாமல் போன கன்றுக்குட்டி எங்கே என்றெல்லாம் கேட்க ஆள் வரத் தொடங்கியது.

"எனக்கெங்கீங்க தெரியுது? பலகைக்குத் தெரியுது, அது ரேடியோகிட்டச் சொல்லுது," என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லி, அவர்கள் கையையும் பிடித்து ஒரு வட்டத்தின் மேல் வைத்துக் காட்டுவார். ரேடியோ நின்றதும் வந்தவர்கள் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வார்கள். சிலர் பலகையைத் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

பேட்டரி வைத்தால் பொழுது சாய்ந்த பிறகும் ரேடியோ பாடும் என்று அர்த்தநாரி சொல்லியிருந்தான். சென்னியப்பன் வேலந்தாவளத்தில் பேட்டரி வேலை பார்த்த ஏசுதாஸைத் தேடிப் போனார். பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று அவரிடம் இருந்தது. கொடுக்கத்தான் தயங்கினார்.

"உள்ள ஆசிட்டாக்கும் அண்ணா. கண்ணு தெரியாத ஆளு கிட்டப் போனா..."

"நான் கண்டபடி தொட மாட்டனுங்க. எதெல்லாம் செய்யக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஏசுதாஸ் சிரித்துவிட்டார். டிஸ்டில்டு வாட்டரைத் தவிர எதையும் ஊற்றக்கூடாது, பீடியோடு கிட்டப் போகக்கூடாது, மூடியை இறுக்கி அடைக்கக்கூடாது என்று பாடம் சொன்னார். பிளஸ் முனைக்குப் பக்கத்தில் அரத்தால் ஒரு வெட்டும் போட்டுக் கொடுத்தார். உள்ளே தண்ணீர் கோட்டளவு இருக்கிறதா என்று பார்ப்பது கமலாத்தாளின் வேலையானது. சார்ஜ் நிறைந்துவிட்டதைக் கண்டுபிடித்தது சென்னியப்பனின் காது. நன்றாகச் சார்ஜ் ஏறினால் பேட்டரிக்குள் சோற்றுப்பானை அடங்கும் நேரத்துச் சத்தம்போல மெல்லிய குமிழ்ச்சத்தம் வந்தது.

ஆனாலும் விடிந்தால் பேட்டரி சோர்ந்து கிடந்தது. என்ன செய்தும் புரியவில்லை. அடுத்த முறை வந்தபோது அர்த்தநாரி தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ற தப்புங்க மாமா, சொல்லாம விட்டுட்டேன். பகல்ல எந்த வழியா வருதோ, இருட்டுனா அதே வழியாத் திரும்பிப் போயிருதுங்க. நடுவுல ஒருவழிக் கதவு ஒண்ணு போடோணும்." அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய, இரண்டு பக்கமும் கம்பி நீட்டிய ஒரு சாமானை ஒயரில் வைத்து முறுக்கினான். அன்றோடு கரண்டு திரும்பிப் போகவில்லை.

ரேடியோவுக்குப் போக மிச்சம் இருந்ததால் ஏசுதாஸே ஒரு ஸ்கூட்டர் பல்பும் கொடுத்தனுப்பினார். பொழுது இறங்கும் நேரத்தில் சென்னியப்பன் ஒயரை வைத்தார். கமலாத்தாள் பக்கத்தில் நின்றாள்.

"எரியுதா?"

"எரியுதுங்க."

"எப்புடி இருக்குது?"

"பொகையே இல்லீங்க," என்றாள். பிறகு, "சுவத்துல என்ற நெழலு ஆடாம நிக்குது," என்றாள்.

அவர் காற்றில் கையை நீட்டிப் பல்பைத் தேடினார். விரல் நுனியில் கண்ணாடி பட்டது. சுட்டது. உதறாமல் இரண்டு உள்ளங்கைகளையும் அதைச் சுற்றிக் குவித்தார். வெளியே குளிர்ந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. கிணற்றடிக் கல்கூட அப்போது ஆறியிருக்கும்.

"இது மத்தியானத்து வெயிலு கமலாத்தா," என்றார். "பொழுது போயிருச்சு. வெயிலு நம்ம ஊட்டுக்குள்ள இருக்குது, பாரு."

அந்தப் பலகை வெகுகாலம் உழைத்தது. ரப்பர் பூச்சு மஞ்சளாகி, ஓரத்தில் பிய்ந்து, பின்னால் மழைத்தண்ணீர் இறங்கிக் கெட்டது. அதற்கு முன்பே கம்பங்கள் ரோட்டைத் தாண்டித் தோட்டத்துக்கு வந்துவிட்டன. இணைப்புக் கொடுக்க வந்த லைன்மேனிடம் சென்னியப்பன், இந்தக் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

"இடுக்கியிலேருந்துங்க. அணைத் தண்ணி மேலேருந்து விழுந்து சக்கரத்தச் சுத்துது."

"அத்தன தண்ணியும் மலைக்கு மேல எப்புடிங்க போச்சு?"

"மழதான். வேறென்ன?"

"மழைக்கு, கடல்ல இருந்து தண்ணியத் தூக்குனது?"

லைன்மேன் ஏணியின் நடுவிலிருந்து கீழே பார்த்தார். "அது வெயிலுதானுங்க," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.