பதிலுக்குத் தட்டிய தட்டு

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் எவர்சில்வர் தட்டு துணியில் சுற்றிக் கிடக்கிறது. விளிம்பில் கரண்டி பட்ட மூன்று சொட்டைகள். "இத எடைக்குப் போட்ரலாமுங்க" என்று மனைவி தீபாவளிக்குத் தீபாவளி சொல்வாள். நான் காது கேட்காதவன்போல இருந்துவிடுவேன். அதில் யாரும் சாப்பிடுவதில்லை.

நோய்க்காலத்தின் முதல் வருஷம், மருத்துவர்களுக்கு நன்றியாக மாலை ஐந்து மணிக்குத் தட்டு தட்டச் சொன்னார்கள். மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி முழுக்க பால்கனியில் நின்று தட்டியது. மேல்வீட்டு அண்ணாச்சி மட்டும் தட்டவில்லை. பாங்கிலிருந்து ஓய்வுபெற்ற திருநெல்வேலிக்காரர். மனைவி போனபின் தனியாக இருந்தார். "தட்டு சோறு திங்கதுக்குடே. ஆஸ்பத்திரில கட்டில் போடச் சொல்லு, நானும் தட்டுதேன்" என்றார் என்னிடம். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து ஊர் சாகணில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டதால் வீட்டில் முடங்கிக் கிடந்தவனுக்கு, அரசு ஏதோ செய்கிறது என்ற நம்பிக்கை ஒன்றுதான் தெம்பு. இதையே அவர் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவிலும் எழுத, பெரிய சண்டையாகி, செக்ரட்டரி அவரை நீக்கினார். அதற்குக் கட்டைவிரல் காட்டியவர்களில் நானும் ஒருவன். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

மறுவருஷக் கோடை. ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாத நாட்கள். ஒரு மாலை மேல்வீட்டில் போன் நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. உடனே தட்டுச் சத்தம். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. திரும்பவும் போன் அடித்தது. அது அடங்கியதும் திரும்பவும் தட்டு. போனுக்குத் தட்டு பதில் சொல்வதுபோல இருந்தது. மே மாத வெயிலிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அதற்குள் குழு களைகட்டிவிட்டது. "காகா சுதர்லே" என்று எழுதினார் செக்ரட்டரி, பெரியவர் திருந்திவிட்டார் என்று. இல்லை, கட்டில் தர முடியாத அரசைக் கிண்டல் செய்கிறார் என்றார் இன்னொருவர். ஆதரவா எதிர்ப்பா என்று அரைமணி நேரம் அடித்துக்கொண்டார்கள். மேலே போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கோ குறும்பு. கையில் கிடைத்த தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கரண்டியால் ஓங்கி மூன்று தட்டு தட்டினேன். மேலே ஒரு கணம் மௌனம். பிறகு படபடவென்று விடாமல் தட்டும் சத்தம், குழந்தை குதூகலிப்பதுபோல. அப்புறம் அடங்கிவிட்டது. "பாத்தியா, அண்ணாச்சி நம்ம பக்கம் வந்துட்டாரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை பெங்களூரிலிருந்து அவர் மகள் அழைத்தாள். "அங்கிள், நேத்துலேர்ந்து அப்பா போன் எடுக்கவே இல்ல." வாட்ச்மேனும் நானும் பூட்டை உடைத்தோம். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. அண்ணாச்சி உள்ளறைக் கட்டிலில், எழுந்திருக்க முடியாமல், மூச்சிளைத்துக்கொண்டு கிடந்தார். சாப்பிட்ட தட்டு மார்மேல், கரண்டி கையில். என்னைப் பார்த்ததும் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீ பதிலுக்குத் தட்டுனேல்லா... நீ மேல வந்துட்டிருக்கேன்னு நெனச்சேன். அதான் நிறுத்திட்டேன்."

கட்டில் தேடி மூன்று ஆஸ்பத்திரி அலைந்தோம். மூன்றாவதன் வாசலில் அவர் போய்விட்டார்.

போன வாரம் கருத்துக்கணிப்பு என்று ஒரு பெண் அழைத்தாள். நோய்க்காலத்தில் அரசின் செயல்பாடு எப்படி, நன்றா, சுமாரா, மோசமா என்று ஹிந்தியில் கேட்டாள். மோசம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் மேல்வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. போனை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படி ஏறினேன். புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணுக்கு இது பழகிவிட்டது. நான் மணியடிக்கும் முன்பே கதவைத் திறந்து, "குச் நஹீ அங்கிள், டப்பா கிரா" என்று சிரித்தாள், ஒன்றுமில்லை, டப்பாதான் விழுந்தது என்று.

கீழே வந்து பரணைப் பார்த்தேன். தட்டு, சுற்றிய துணியோடு அப்படியே இருந்தது. தவறிக் கீழே விழுந்தால்கூட அது சத்தம் போடக் கூடாது. மேலே யாராவது அதைப் பதில் என்று நினைத்துவிடுவார்கள்.